ஊர்ப்பெயர் கேட்டு நடந்தவர்: அயர்லாந்தின் ஜோன் ஓ'டொனவன்

அயர்லாந்துக் குடியரசின் வீதியோரங்களில் நாட்டப்பட்டிருக்கும் வழிகாட்டிப் பலகைகளில் அநேகமாக எல்லா ஊருக்கும் இரண்டு பெயர்கள் இருக்கும். மேலே சற்றுச் சாய்ந்த எழுத்தில் ஐரிஷ் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலப் பெயர். ஐரிஷ் மொழியை வீட்டிலும் கடையிலும் நாளாந்தம் பேசுவோர் இன்று அந்த நாட்டில் சிறுதொகையினர்தான். ஆனாலும் அந்த மேல்வரி நாடு முழுவதும் நிற்கிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் ஓர் ஊருக்கு ஐரிஷில் என்ன பெயர் என்பதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிப்போனால், ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு ஒரே மனிதரின் கையெழுத்துக்குத்தான் வந்து சேரவேண்டியிருக்கிறது. அவர் பெயர் ஜோன் ஓ'டொனவன். 1806இல் பிறந்து 1861இல் இறந்தவர்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, பிரையன் ஃபிரீல் என்ற ஐரிஷ் நாடகாசிரியர் எழுதிய ‘மொழிபெயர்ப்புகள்’ என்ற நாடகத்தை வாசிக்கத் தந்தார்கள். அயர்லாந்தின் ஊர்ப்பெயர்களைப் பிரித்தானியப் படையினர் ஆங்கிலமாக்கும் கதை அது. அப்போது பரீட்சைக்காக வாசித்ததோடு சரி. பல வருடங்களுக்குப் பிறகு, மீள்குடியேற்றச் செய்திகளுக்காக வன்னிக் கிராமங்களில் அலைந்தபோது ஒரு விடயத்தைக் கவனித்தேன். வீடில்லை, வேலியில்லை, எல்லைக்கல்லும் இல்லை. முதியவர்கள் சிலர் மட்டும் பற்றைக்காட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி இடம் பிரித்தார்கள். இது இலுப்பையடி வயல், அது பள்ளக்காணி, அந்தப் பக்கம் வண்ணாத்தி மோட்டை என்று. கூட வந்த இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியவில்லை. வரைபடத்திலும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் அந்த நாடகத்தின் பின்னால் இருந்த உண்மையான மனிதர்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவர்களில் என்னை அதிகம் பிடித்துவைத்தவர் ஓ'டொனவன்.

பரம்பரை சொன்ன தந்தை

ஓ'டொனவன் பிறந்தது அயர்லாந்தின் தென்கிழக்கில், கில்கெனி மாவட்டத்தின் அட்டாட்டீமோர் என்ற சிற்றூரில். தந்தை எட்மண்ட் குத்தகைக் காணியில் பாடுபட்ட கத்தோலிக்க விவசாயி. 1801 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருக்கவில்லை. லண்டனிலிருந்தே ஆட்சி நடந்தது. நிலத்தின் பெரும்பகுதி புரட்டஸ்தாந்து நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தது. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர்வதற்கு 1829 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நீதிமன்றம், வரி, காணிப் பத்திரம், உத்தியோகம் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் என்பது வீட்டிலும் வயலிலும் பேசும் மொழி, ஏழைகளின் மொழி.

1817 ஜூலையில் எட்மண்ட் இறந்தார். மரணப்படுக்கையில் கிடந்த அவர், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று தங்கள் பரம்பரையைப் பெயர் பெயராகப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மூத்தவர் மைக்கல் அதை ஒருநாளும் மறக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். ஜோனுக்கு அப்போது 11 வயது. பிரித்துக்கொடுக்கப் பெரிதாகச் சொத்தில்லாத குடும்பத்தில் தகப்பன் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு பெயர்வரிசை. இதனோடு, சித்தப்பா பற்றிக் சொன்ன பழங்கதைகளும் சேர்ந்துகொண்டன. வரலாற்றின் மேல் தனக்கு ஆசை வந்ததே அந்தக் கதைகளால்தான் என்று ஓ'டொனவன் பின்னாளில் சொல்லிவந்தார்.

தகப்பன் போன பிறகு அண்ணன் மைக்கல் தம்பியை டப்ளினுக்குக் கூட்டிச்சென்று படிக்கவைத்தார். 20 வயதளவில், பழைய ஆவணங்களைப் பிரதியெடுக்கும் வேலை ஓ'டொனவனுக்குக் கிடைத்தது. அக்காலத்து வரலாற்றறிஞர் ஜேம்ஸ் ஹார்டிமனுக்காக ஐரிஷ் கையெழுத்துச் சுவடிகளை எழுதிக்கொடுத்தார். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஐரிஷை வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அப்போது மிகச் சிலர். வீட்டில் கேட்டு வளர்ந்த மொழியும் சுவடியில் பழகிய மொழியும் இரண்டும் கைவந்தவராக அவர் வளர்ந்தது இந்த வேலையில்தான்.

வரிக்காக வரைந்த வரைபடம்

1824இல் பிரித்தானிய அரசு அயர்லாந்து முழுவதையும் அளக்கத் தீர்மானித்தது. வேலை இராணுவத்தின் நில அளவைப் பிரிவிடம் கொடுக்கப்பட்டது. கேணல் தோமஸ் கோல்பி அதற்குப் பொறுப்பாக இருந்தார். நோக்கம் வரி. எந்தக் காணிக்கு எவ்வளவு உள்ளூர் வரி அறவிடுவது என்று சீராகக் கணக்கிடுவதற்கு, ஒவ்வொரு சிறு பிரிவின் எல்லையும் பரப்பும் தெரியவேண்டும். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதும் வரையப்பட்டது. வேலிகள், கிணறுகள், பாழடைந்த தேவாலயங்கள், பழைய மண்கோட்டைகள் வரை அதில் வந்தன. 1846இல் முழுத் தீவும் முடிந்தது.

அயர்லாந்தில் காணியின் மிகச் சிறிய பிரிவுக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் குறிச்சியைப் போன்றது. அப்படியான குறிச்சிகள் தீவு முழுவதும் 60,000க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஐரிஷ் பெயர்கள் அல்லது ஐரிஷிலிருந்து வந்த பெயர்கள். ஆனால் அவற்றை எழுதிவைத்திருந்தவர்கள் ஆங்கிலத்தில் கணக்கு வைத்த நிலவுடைமையாளரும் வரி அறவிடுவோரும் வழக்கறிஞரும்தான். ஒவ்வொருவரும் தன் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். ஒரே குறிச்சிக்கு ஐந்தாறு எழுத்துமுறைகள் இருந்தன. வரைபடத்தில் எதைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு விடைதேடியவர் லெப்டினன்ட் தோமஸ் லார்கம். டப்ளினில் இருந்த அளவைத் தலைமையகத்தை நடத்திய இளம் அதிகாரி. பெயர்களைச் சரியாகப் போடவேண்டுமானால் ஐரிஷ் தெரியவேண்டும் என்று நினைத்து, 1828இல் தனக்கு மொழி சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்தினார். அந்த ஆசிரியர் ஓ'டொனவன். இரண்டு வருடம் கழித்து, 1830இல், ஊர்ப்பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அறிஞர் எட்வர்ட் ஓ'ரைலி இறந்தபோது அந்த இடத்துக்கு ஓ'டொனவன் எடுக்கப்பட்டார். வயது 24.

பெயர்ப் புத்தகங்கள்

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர்ப் புத்தகம் திறக்கப்பட்டது. முதலில் களத்தில் இருந்த அளவையாளர்கள் ஒரு பெயரை எழுதி, அதன் கீழே பாதிரியார் எப்படி எழுதுகிறார், நிலவுடைமையாளர் எப்படி எழுதுகிறார், பழைய வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று யார் யார் எழுதியது என்ற விபரத்தோடு குறித்தார்கள். இடம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்பதும் எழுதப்பட்டது. டப்ளினில் ஓவியரும் தொல்பொருள் அறிஞருமான ஜோர்ஜ் பெற்றியின் வீட்டில் ஒரு சிறு குழு இருந்தது. யூஜின் ஓ'கறி என்ற இன்னொரு சுவடி அறிஞரும், ஜேம்ஸ் கிளரன்ஸ் மங்கன் என்ற கவிஞரும் அதில் வேலைசெய்தார்கள். அவர்கள் பழைய சுவடிகளையும் 17ஆம் நூற்றாண்டுக் காணி விசாரணைப் பதிவுகளையும் தேடி, அந்த ஊர் எங்கெங்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஓ'டொனவன் அந்த ஊருக்குப் போவார். அங்கே ஐரிஷ் பேசும் மிக வயதான ஆளைத் தேடிப்பிடிப்பார். பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். எந்த அசை அழுத்தமாக வருகிறது, எந்த மெய் மென்மையாகிறது என்பதைக் காதால் பிடித்து, சுவடியில் உள்ள வடிவத்தோடு ஒப்பிட்டு, இந்த ஊரின் ஐரிஷ் பெயர் இதுதான், பொருள் இதுதான் என்று புத்தகத்தில் எழுதுவார். வரைபடத்துக்கு ஆங்கில எழுத்தில் ஒரு வடிவம் வேண்டும். ஏற்கெனவே புழங்கும் ஆங்கில எழுத்துமுறைகளில் ஐரிஷ் ஒலிக்கு எது கிட்ட வருகிறதோ அதைச் சிபாரிசு செய்வார்.

வரைபடத்தில் அச்சானது ஆங்கில வடிவம் மட்டும். ஐரிஷ் வடிவம் புத்தகத்திலேயே இருந்துவிட்டது.

பெயருக்குள் இருந்த காடு

அந்த ஐரிஷ் வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். அயர்லாந்து வரைபடத்தில் ‘கில்’ என்று தொடங்கும் ஊர்கள் நிறைய உண்டு. கில்டேர், கில்லார்னி, கில்கெனி, கில்மோர். ஐரிஷில் தேவாலயத்துக்கு ஒரு சொல், காட்டுக்கு இன்னொரு சொல். ஒலியில் நெருங்கியவை, எழுத்தில் வேறானவை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் ‘கில்’ ஆகிவிட்டன. கில்டேர் என்பது கருவாலி மரத்தடித் தேவாலயம். ஆனால் ஏதோ ஒரு கில்மோர் பெரிய தேவாலயமா, பெரிய காடா என்று ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. அந்த ஊரில் ஐரிஷ் பேசும் ஒருவர் வாயால் கேட்டால் தெரிந்துவிடும். ஓ'டொனவன் போய்க் கேட்டது இதைத்தான். அயர்லாந்தின் பழங்காடுகள் 17ஆம் நூற்றாண்டோடு பெரும்பாலும் வெட்டி அழிக்கப்பட்டுவிட்டன. எங்கே காடு இருந்தது என்பதற்குப் பல இடங்களில் பெயர்தான் மிஞ்சிய சாட்சி.

மற்றப் பெயர்களும் இப்படித்தான். டெரி என்றால் கருவாலித் தோப்பு. மேயோ என்றால் யூ மரங்கள் நின்ற வெளி. டோனிகால் என்றால் அந்நியரின் கோட்டை, அந்த அந்நியர் வைக்கிங் மக்கள். பெல்பாஸ்ட் என்பது மணல்திட்டு முகத்துவாரம். டப்ளின் என்ற பெயரைத் தமிழில் போட்டால் கருங்குளம் என்றே வரும். ஐரிஷ் பேசுவோர் அந்த நகரத்துக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. ஆற்றைக் கடக்கப் பின்னல் தட்டிகள் பரப்பிய துறையடி ஊர் என்று அதற்குப் பொருள். ‘பாலி’ என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான பெயர்களில் உள்ளது ஊர் என்ற சொல். ‘நொக்’ என்றால் குன்று, ‘டன்’ என்றால் கோட்டை, ‘இனிஷ்’ என்றால் தீவு. மாங்குளம், புளியங்குளம், கிளிநொச்சி என்று மரத்தாலும் நீராலும் பெயர்வைத்துப் பழகிய எங்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை.

ஐரிஷ் தனித்து நிற்கும் மொழியல்ல. கெல்டிக் என்ற மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்கொட்லாந்தின் கேலிக்கும் மான் தீவின் மாங்ஸும் அதன் நெருங்கிய உறவுகள். வேல்ஸ் மொழி, கோர்ன்வாலின் கோர்னிஷ், பிரான்ஸின் பிரெத்தோன் ஆகியவை மற்றக் கிளை. தலை அல்லது முனை என்பதற்கு முதல் கிளையில் ககரத்தில் தொடங்கும் சொல்லும், இரண்டாம் கிளையில் ‘பென்’ என்ற சொல்லும் உண்டு. அதனால்தான் அயர்லாந்தில் கின்சேல், ஸ்கொட்லாந்தில் கின்டைர் என்று வருவது, கோர்ன்வாலில் பென்சான்ஸ் என்று வருகிறது. இங்கிலாந்தின் ஏவன் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் பழைய கெல்டிக்கில் ஆறு என்ற சொல்லேதான். பின்னர் வந்த ஆங்கிலேயர் அதைத் தனிப்பெயர் என்று நினைத்து முன்னால் இன்னொரு ‘நதி’ சேர்த்துக்கொண்டார்கள். பாரிஸ் நகரத்தின் பெயரும் அங்கு வாழ்ந்த ஒரு கெல்டிக் குழுவிலிருந்து வந்ததுதான். நாங்கள் விஸ்கி என்று சொல்வது உயிர்நீர் என்ற பொருள்கொண்ட கேலிக் சொற்களின் தேய்ந்த வடிவம். செய்தியாளர்கள் நாளும் பாவிக்கும் ‘ஸ்லோகன்’ என்ற ஆங்கிலச் சொல் ஸ்கொட்லாந்துக் கேலிக்கில் படையின் போர்க்குரல்.

இந்த மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்பதை முறையான இலக்கணமாக நிறுவியவர் ஜேர்மானியர் கஸ்பார் சோய்ஸ். அவருடைய நூல் 1853இல் வந்தது. மூன்று வருடம் கழித்து, 1856இல், திராவிட மொழிகளுக்கு அதே வகையான வேலையைச் செய்த நூல் வந்தது. அதை எழுதிய ரொபர்ட் கால்ட்வெல் பிறந்ததும் அயர்லாந்தில்தான், அன்ட்ரிம் மாவட்டத்தில்.

பனியில் நடந்த வருடங்கள்

1834 முதல் சுமார் ஏழு வருடங்கள் ஓ'டொனவன் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். பெரும்பாலும் கால்நடை. ஒவ்வோர் இடத்திலிருந்தும் லார்கமுக்குக் கடிதம் எழுதினார். இன்ன சுவடியை அனுப்புங்கள், இந்தப் பெயரைத் திருத்துங்கள் என்ற அலுவல் கடிதங்களாகத் தொடங்கியவை, போகப்போக நாட்டுப்புறக் கதை, பாழடைந்த தேவாலயத்தின் அளவு, கிணற்றடி வழிபாடு, விடுதியின் ஈரப் படுக்கை, தன் காய்ச்சல், தன் கோபம் எல்லாம் கலந்த பதிவுகளாயின. கடிதங்கள் பல தொகுதிகளாக டப்ளினில் றோயல் ஐரிஷ் அக்கடமியில் இருக்கின்றன. செய்தி எழுதுகிறவளாக அவற்றைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு ஒரு களநிருபரின் குறிப்பேடுதான் ஞாபகம் வருகிறது.

1839 ஜனவரி தொடக்கத்தில் அவரும் உதவியாளர் தோமஸ் ஓ'கொனரும் விக்லோ மலைகளைக் கடந்து கிளென்டலோ என்ற பள்ளத்தாக்குக்கு நடந்தார்கள். பழைய துறவிமடங்கள் உள்ள இடம். வழியில் பனி மூடிவிட்டது. ஓ'கொனர் இனி நடக்கமுடியாது என்ற நிலைக்கு வந்தார். எப்படியோ விடுதி போய்ச்சேர்ந்தார்கள். 6ஆம் திகதி இரவு, அயர்லாந்து இன்றும் ‘பெருங்காற்று இரவு’ என்று நினைவுகூரும் புயல் அடித்தது. அவர்கள் தங்கிய அறையின் யன்னலைக் காற்றுப் பிய்த்தது. மறுநாள் அதையும் எழுதி அனுப்பிவிட்டு, மடங்களின் பெயர்களைக் கேட்கப் போனார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. தவறான பொருள் சொல்லும் உள்ளூர்ப் பண்டிதர்களைக் கடிதங்களில் கடுமையாகத் திட்டினார். சில பெயர்களில் அவர் சொன்ன பொருள் பிழை என்று பின்வந்த அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தான் எதை, யாரிடம், எந்தச் சுவடியில் கண்டேன் என்று எழுதிவைத்ததால்தான் அவர்களால் திருத்தவே முடிந்தது.

யாருடைய ஆள்?

ஓ'டொனவன் யாருக்கு வேலைசெய்தார் என்ற கேள்வியைத் தவிர்க்கமுடியாது. சம்பளம் கொடுத்தது பிரித்தானிய இராணுவம். வரைபடம் வரிக்கானது. அதில் அச்சான ஒவ்வொரு பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஃபிரீலின் நாடகம் 1980 செப்டெம்பரில் டெரி நகர மண்டபத்தில் முதன்முதல் மேடையேறியது. வட அயர்லாந்தில் ஆயுத மோதல் நடந்துகொண்டிருந்த காலம். டெரியா, லண்டன்டெரியா என்று அந்த நகரத்தின் பெயரைச் சொல்வதே ஒரு பக்கம் எடுப்பதாக இருந்த இடம். 1833இல் ஒரு படை அதிகாரியும் உள்ளூர் இளைஞன் ஒருவனும் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கும் காட்சி, பார்த்தவர்களுக்கு வெறும் பழங்கதையாக இருந்திருக்காது.

வரலாற்றறிஞர் ஜே. எச். அன்ட்றூஸ் இதை மறுத்தார். அளவைத் திணைக்களத்தின் வரலாற்றை எழுதியவர் அவர். பெயர்களில் பெரும்பாலானவை அளவையாளர் வருவதற்கு வெகுகாலம் முன்பே காணிப் பத்திரங்களில் ஆங்கில வடிவம் பெற்றுவிட்டன என்றும், ஓ'டொனவன் குழு செய்தது அவற்றுள் ஐரிஷுக்கு நெருங்கியதைத் தெரிவுசெய்தது என்றும் காட்டினார். ஃபிரீலும் தன் நாடகம் வரலாற்று ஆவணம் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டு பக்கத்தையும் வாசித்தபின் எனக்குப் படுவது இது. அன்ட்றூஸ் சொல்லும் விபரம் சரி. ஆனால் பெயர் அரசாங்கப் பதிவில் ஏறும்போது நடப்பதை எங்களில் பலர் அனுபவத்தில் அறிவோம். 1980களில் மணலாறு வெலிஓயா ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பொருள் அப்படியே இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி அங்கு வாழ்ந்தவர்கள் இல்லை. அயர்லாந்தில் பெரும்பாலும் நடந்தது இதன் மறுபக்கம். ஒலி ஓரளவு மிஞ்சியது, பொருள் போனது. இரண்டு வழியிலும் அடுத்த தலைமுறைக்குப் பெயர் ஊமையாகிறது. ஓ'டொனவன் அந்த இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு, அச்சுக்குப் போகாத பக்கத்தில் ஐரிஷ் பெயரையும் பொருளையும் எழுதினார். அதற்காக அந்த இயந்திரம் நல்லதாகிவிடாது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அடுத்த பத்து வருடங்கள் காட்டின.

பஞ்சத்துக்கு முன் கேட்டவை

அளவைத் திணைக்களம் ஒவ்வொரு பங்கின் வரலாற்றையும் நூலாக வெளியிடவும் திட்டமிட்டிருந்தது. 1837இல் டெரி நகரம் அடங்கிய ரெம்பிள்மோர் பங்கின் நூல் மட்டும் வந்தது. செலவு கூடுகிறது என்று திட்டம் நிறுத்தப்பட்டது. 1840களின் தொடக்கத்தில் ஊர்ப்பெயர்க் குழுவும் கலைக்கப்பட்டது.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழை விவசாயிகள் உண்டது அதைத்தான். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841இல் 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 66 இலட்சமளவுக்குக் குறைந்தது. மிக மோசமாக அடிபட்டவை ஐரிஷ் அதிகம் பேசப்பட்ட மேற்கு மாவட்டங்கள். மொழி பற்றி முதன்முதல் கேட்ட 1851 குடித்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 இலட்சம். பிழைத்தவர்களும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு ஆயத்தப்படுத்த ஆங்கிலத்தில் வளர்த்தார்கள். ஓ'டொனவன் பெயர் கேட்ட முதியவர்களில் எத்தனையோ பேர் 1850இல் இல்லை. பல குறிச்சிகளில் ஒருவருமே இல்லை. பெயர் கேட்கும் வேலை பத்து வருடம் பிந்தித் தொடங்கியிருந்தால், கேட்பதற்கு ஆளிருந்திருக்காது.

அந்தப் பஞ்ச வருடங்களில் ஓ'டொனவன் தன் மிகப் பெரிய வேலையைச் செய்தார். ஐரிஷ் அரசுகள் வீழ்ந்து, பிரபுக்கள் நாட்டைவிட்டுப் போன பிறகு, 1632க்கும் 1636க்கும் இடையில் டோனிகாலில் மீஹால் ஓ'கிளேரி என்ற துறவியும் துணைவர்களும் பழஞ்சுவடிகளைச் சேர்த்து நாட்டின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதிவைத்தார்கள். ‘நான்கு ஆசிரியர்களின் ஆண்டுவரலாறு’ என்பது அதன் பெயர். ஓ'டொனவன் அதை ஒரு பக்கம் ஐரிஷ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று பதிப்பித்தார். 1848 முதல் 1851 வரை ஏழு தொகுதிகள், 4,000 பக்கங்களுக்கு மேல். அதன் அடிக்குறிப்புகளில்தான் அவருடைய ஏழு வருட நடை இருக்கிறது. சுவடியில் ஒரு போர் நடந்த இடம் வந்தால், அது இன்றைய எந்தப் பங்கில் எந்தக் குறிச்சி, அங்கே இப்போது என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதினார். பலவற்றை நேரில் பார்த்தவர் அவர்.

கடைசி வருடங்கள்

கௌரவங்கள் வந்தன. 1845இல் அவர் எழுதிய ஐரிஷ் இலக்கணம் பேர்பெற்றது. றோயல் ஐரிஷ் அக்கடமி பதக்கம் கொடுத்தது. ஜேர்மனியின் யாக்கோப் கிறிம், நாங்கள் சிறுவர் கதைகளால் அறிந்த கிறிம் சகோதரர்களில் மூத்தவர், அவரைப் பிரஷ்ய அக்கடமிக்குச் சிபாரிசு செய்தார். பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி கெல்டிக் மொழிப் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. பணம் மட்டும் போதுமானதாக வரவில்லை. பிள்ளைகள் நிறைந்த வீடு. 1852இல் பண்டைய ஐரிஷ் சட்டச் சுவடிகளைப் பிரதியெடுத்து மொழிபெயர்க்கும் வேலையை அரசு அவருக்கும் ஓ'கறிக்கும் கொடுத்தது. இருவரும் ஒருவருக்கொருவர் சகலன்கள், சகோதரிகளை மணந்தவர்கள். அந்த வேலை அச்சாகி வந்ததை இருவருமே பார்க்கவில்லை. ஓ'டொனவன் 1861 டிசெம்பரில் மூட்டுவாதக் காய்ச்சலால் இறந்தார். வயது 55. அடுத்த வருடம் ஓ'கறி போனார். முதல் தொகுதி 1865இல் வந்தது.

அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்த அவருடைய மகன்களில் சிலர் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான ஃபீனியன் இயக்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் எட்மண்ட் பின்னர் போர்ச் செய்தியாளரானார். தாத்தாவின் பெயரைத் தாங்கிய அவர், மத்திய ஆசியாவின் மேர்வ் வரை போய் எழுதியவர். 1883இல் சூடானில் ஒரு படையணியோடு சென்று, அந்தப் படை அழிக்கப்பட்டபோது காணாமல்போனார்.

மேல்வரி திரும்பி வந்தது

சுதந்திர அயர்லாந்து 1920களில் பெயர்களைத் திரும்ப எழுதத் தொடங்கியபோது இரண்டு விதமான அனுபவம் கிடைத்தது. விக்டோரியா மகாராணி வந்துபோனதற்காக 1849இல் குயின்ஸ்டவுன் என்று பெயர்மாற்றப்பட்ட துறைமுகம் ‘கோவ்’ ஆனது. ஐரிஷ் எழுத்தில் எழுதினாலும் அது குடா என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஐரிஷ் ஆடை உடுத்திய ஆங்கிலப் பெயர். ஆனால் ஆயிரக்கணக்கான சிறு ஊர்களுக்கும் குறிச்சிகளுக்கும் ஊகிக்கத் தேவை இருக்கவில்லை. பெயர்ப் புத்தகத்தைத் திறந்தால் போதும். இன்று அந்நாட்டின் ஊர்ப்பெயர்ப் பிரிவும் டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தப் பதிவுகளை இணையத்தில் திறந்துவைத்திருக்கின்றன. ஒரு குறிச்சியைத் தட்டினால் அரசு ஏற்ற ஐரிஷ் பெயரும், அதற்கு ஆதாரமான பழைய வடிவங்களும் வருகின்றன. அந்த ஆதாரங்களில் ஓ'டொனவனின் முடிவும் ஒன்று.

பெயர் திரும்பியதால் மொழி திரும்பிவிடவில்லை. டிங்கிள் என்ற சுற்றுலா நகரத்தில் ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு ஐரிஷ் பெயரை மட்டும் வைத்தபோது ஊரவர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். 2011இல் சட்டம் இரண்டு பெயரையும் ஏற்றது. எது வேண்டும் என்று சண்டைபிடிப்பதற்கும் இரண்டு பெயரும் தெரிந்திருக்கவேண்டும்.

அந்தப் புத்தகத்தின் பக்கம் எளிமையானது. ஒரு கொப்பியில் யாரும் கோடு போட்டுக்கொள்ளலாம். மேலே பெயர். அதன் கீழே அந்தப் பெயரை வேறு எப்படிச் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். அருகில் யார் சொன்னது, எந்தப் பத்திரத்தில் இருந்தது. பிறகு இடம் எங்கே, எந்தக் குளத்துக்கு மேற்கே, எந்த ஒழுங்கைக்கு அப்பால். பிறகு பொருள், தெரிந்தால். கடைசியில் கேட்ட திகதி. இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது, சொல்பவரின் குரலையும் பதியலாம். ஓ'டொனவனுக்கு அது கிடைக்கவில்லை. வயல்துண்டு, மோட்டை, மடு, ஒழுங்கை, மரத்தடி என்று வரைபடத்தில் ஏறாத பெயர்களை அம்மம்மாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு எழுதத் தொடங்கினால், ஓர் ஊருக்கு ஒரு கொப்பி நிறையும். பங்குனி, சித்திரைப் பள்ளி விடுமுறை அதற்குப் போதும்.